பாலத்தில் ஒரு ஜாண் இடம்

புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசிக்கொள்ள எல்லோருக்கும் வீடு என்று ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு பேருக்கும் அது பாலத்தின் மேல்தான் வாய்த்தது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் சத்தியமாக அதுதான் நிஜம். அவன் பதிமூன்றாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். விடிவதற்கு முன்னால் டெப்போவுக்குப் போனால் மதியம் மூன்று மணிக்குத் திரும்பி வந்து, இருக்கிற சோற்றைத் தின்றுவிட்டுக் கட்டை போல விழுவான். அவள் பைக்கில் ரத்தப் பெட்டி சுமக்கிறவள். சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்து வைத்திருக்கும் ரத்தக் குப்பிகளைக் குளிர்பெட்டியில் அடுக்கி, பின் சீட்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய லேபில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எடுத்த ரத்தம் முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் கெட்டுப்போகும். வெயில் நாளில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவன் குறட்டை விடுவான்; அவன் எழுந்து போகும்போது அவள் போர்வைக்குள் இருப்பாள்.

காலை எட்டரைக்குப் பாலம் நெரிந்து நிற்கும். மூன்று வரிசை. இடது வரிசையில் லாரிகள், வலது வரிசையில் கார்கள். பாலம் இறங்கியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டியிருப்பதால் பஸ்கள் நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில்தான் பைக்குகள் புகுந்து போகும். போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் பாட்டுக்குச் சட்டம், பைக் பாட்டுக்கு பைக்.

அவள் பதிமூன்றின் பின்னால் வந்து சின்னதாக இரண்டு ஹாரன் அடிப்பாள். அவன் வலப்பக்கக் கண்ணாடியில் பார்ப்பான். பஸ்ஸின் பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு தடவை மினுங்கும். அப்புறம் நாற்பது பேரைச் சுமந்துகொண்டு அந்தப் பெரிய வண்டி இடப்பக்கமாக ஒரு ஜாண் ஒதுங்கும். ஒரு ஜாண்தான். அதில் அவள் பெட்டியோடு நுழைந்து டிரைவர் ஜன்னல் வரைக்கும் வந்துவிடுவாள்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"போய்த்தான். கேஸ் தீந்துபோச்சு."

"சரி, மதியம் சொல்லிடுறேன். பாத்துப் போ."

அவ்வளவுதான் குடும்பம். அவன் அக்காவுக்குக் காய்ச்சல் வந்ததும், குளியலறைக் குழாய் ஒழுகியதும், அவள் கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருந்ததும், பிறகு பேசியதும் எல்லாம் அந்த ஜன்னல் ஓரத்தில்தான் நடந்தன. பஸ்ஸில் வழக்கமாக வருகிறவர்களுக்கு இவர்கள் வீட்டு விஷயம் அத்தனையும் அத்துப்படி. முன் சீட்டுக் கிழவர் ஒருவர், "என்னம்மா, குழாய் சரியாச்சா?" என்று ஒருநாள் எட்டிக் கேட்டார். நாலு வருஷம் இப்படி ஓடியது.

அன்றைக்கும் இரண்டு ஹாரன்தான் அடித்தாள். விளக்கு மினுங்கியது, பஸ் ஒதுங்கியது, நுழைந்தாள். ஜன்னலைத் தாண்டும்போது, "மழை வரும்போல, வீட்டுல அக்காகிட்ட துணிய எடுக்கச் சொல்லு" என்றான். "சரி" என்றாள். பின்னால் டம்மென்று ஒரு சத்தம் கேட்டது. ஏதோ லாரி டயர் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். லேப் வாசலில் டீ வாங்கி ஒரு வாய் குடிப்பதற்குள் போன் வந்தது. பஸ் ஒதுங்கியபோது இடப்பக்க இடுக்கில் இன்னொரு பைக் வந்துகொண்டிருந்ததாம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதாம். ஓட்டி வந்தது கடைத்தெருப் பூட்டுக்காரர். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது.

இதில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அன்றைக்கு அவள் பெட்டியில் ஒன்றுமே இல்லை. காலை முதல் நடையிலேயே கிளினிக் நர்ஸ் கையை விரித்துவிட்டாள். டாக்டர் வரவில்லை, யாருக்கும் ரத்தம் எடுக்கவில்லை, போய்விட்டுப் பத்து மணிக்கு மேல் வா என்றாள். காலிப் பெட்டி. லேபில் ஐஸ் மாற்றி வாங்கத்தான் போனாள், ஓர் அவசரமும் இல்லை. எல்லோரையும் போல வரிசையில் நின்று, பாட்டுக் கேட்டுக்கொண்டே போயிருக்கலாம். ஆனால் முன்னால் பதிமூன்று நின்றது. கை தானாக ஹாரனுக்குப் போய்விட்டது. அந்தக் கையை இப்போது என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று வாரமாக வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அவனை பஸ்ஸிலிருந்து இறக்கி, விசாரணை முடியும்வரை டெப்போவில் வண்டி கழுவுகிற இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே எட்டிலிருந்து நாலு வரைதான் வேலை. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் விழித்திருந்தார்கள். என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவன் சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் போல இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பான். மூலையில் அவன் அக்கா தையல் மிஷினைக் கடகடவென்று மிதித்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறவள். வாய் மிஷினைவிட வேகம்.

"தட்டைக் கீழ வைடா. பாக்குற எனக்கு மயக்கமா வருது. எந்தத் திருப்பத்துல திருப்புற?"

"சும்மா இரு அக்கா."

"நான் சும்மா இருந்துடுவேன். நாளன்னிக்கு அந்த ஆபீஸ்ல போய் நீ சும்மா இருந்துடாத."

நாளை மறுநாள்தான் விசாரணை. அதில் ஒரு சிக்கல். போக்குவரத்து அலுவலகம் ஊரெல்லாம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நெரிசலில் நிற்கும் வாகனங்களுக்கு நடுவே இரு சக்கர வாகனங்கள் மெதுவாகச் செல்ல அனுமதிக்கலாமா, கூடாதா; பொதுமக்கள் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம் என்று. அந்தக் கூட்டமும் பாலத்து விபத்து விசாரணையும் ஒரே நாள், ஒரே அறை, ஒரே அதிகாரி. டிரைவர் சங்கத்துச் செயலாளர் இதைச் சொல்லத்தான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அவருக்கு 'மைக்' என்று பெயர். எதிரில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தாலும் ஆயிரம் பேருக்குப் பேசுகிற மாதிரித்தான் பேசுவார்.

"இது ரெண்டு கேஸ் இல்ல தம்பி, ஒரே கேஸ்! இடுக்குல வர்றது தப்புன்னு சட்டம் இருக்கிற வரைக்கும் தப்பு அந்தப் பூட்டுக்காரன் மேல. அனுமதி குடுத்துட்டான்னு வை, நாளைக்கு எவன் எந்த இடுக்குல வந்து விழுந்தாலும் டிரைவர் தலையிலதான் விடியும். அதனால நீ எந்திரிச்சு நின்னு, கூடவே கூடாதுன்னு பேசணும். எழுதியே கொண்டாந்திருக்கேன்."

காகிதத்தை எடுத்து நீட்டினார். அவள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கூடாதுன்னா, நான் எதுல போறதுங்க?" என்று கேட்டாள்.

மைக் திரும்பிப் பார்த்தார். "நீ வேற விஷயம்மா."

"நானும் பைக்குதான ஓட்டுறேன். விமானமா ஓட்டுறேன்?"

"இந்தாம்மா, உன் புருஷனுக்கு லைசென்ஸ் போயிடும்னு பேசிக்கிட்டிருக்கோம். பத்தொம்பது வருஷ லைசென்ஸ். போச்சுன்னா திரும்ப வராது."

மிஷின் நின்றது. அக்கா ஊசியில் நூலை நாக்கால் நனைத்துக் கோத்தபடி சொன்னாள்:

"பஸ்ஸுக்குச் சங்கம் இருக்கு. பைக்குக்கு நோட்டீஸ் ஒட்டுறாங்க. நடந்து போற எங்களுக்கு எவன் இருக்கான்? வண்டி நின்னுபோச்சேன்னு நம்பி ரெண்டு காருக்கு நடுவுல காலை வச்சா, சர்ருன்னு ஒருத்தன் வந்து பாவாடையைக் கிழிச்சுட்டுப் போறான். அதையும் எழுதிக்கோங்க."

"எழுதலாம்க்கா, எழுதலாம்." மைக் டீயை உறிஞ்சிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லு. பஸ் ஏன் இடப்பக்கம் போச்சு? அதைத்தான் விசாரிக்கிற அதிகாரி அம்மா குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்க."

அவன் தட்டைத் திருப்புவதை நிறுத்தினான்.

"பள்ளம்" என்றான். "வலப்பக்கம் ஒரு பள்ளம் இருந்துச்சு. ஒதுக்கினேன்."

"அப்படிச் சொல்லு! பள்ளம். முடிஞ்சது கதை."

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். பாலத்தில் வலப்பக்கம் பள்ளம் கிடையாது. நாலு வருஷமாக அந்தத் தாரின் ஒவ்வொரு ஒட்டும் அவளுக்குத் தெரியும். அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறான், மடையன். அவளுக்கு அவன் மேல் கோபமாகவும் வந்தது, அவனைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பாத்திரம் கழுவினாள்.

விபத்து நடந்த மறுநாளிலிருந்து அவள் இடுக்கில் போவதில்லை என்று வைராக்கியமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வைராக்கியம் வைப்பது சுலபம். பாலத்தில் அனல் பறந்தது. முன்னால் ஒரு லாரியின் புகைக்குழாய் நேராக முகத்துக்கு. ஹெல்மெட்டுக்குள் வேர்வை வழிந்து கண் எரிந்தது. கிளட்ச் பிடித்துப் பிடித்து இடக்கை விரல்கள் மரத்துப்போயின. பின்னால் வந்த கார்க்காரன் ஒவ்வொரு தடவையும் அவள் நம்பர் பலகைக்கு வந்து முத்தம் கொடுத்துவிட்டு நின்றான். பைக் ஓட்டுகிற யாரையும் கேளுங்கள், இடுக்கில் போவதைவிட இப்படி இரண்டு காருக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் அடிவயிற்றைக் கலக்கும் என்பார்கள். பின்னால் வருகிறவன் ஒரு நொடி போனைப் பார்த்தால் போதும், இவள் கதை முடிந்தது.

லேபில் கவுண்டர்காரி பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த வெப்பமானியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த வாரத்துல இது மூணாவது. எல்லாம் வீண். என்னதான் பண்ற வழியில?"

"வரிசையில வர்றேன்."

"வரிசையிலயா? உனக்கு என்ன ஆச்சு? பேர் பாரு, அந்த கிட்னி அம்மா. ரெண்டு கையிலயும் நரம்பு கிடைக்காம புறங்கையில குத்தி எடுத்தது. திரும்பக் குத்தணும். போய் நீயே சொல்லு."

சொன்னாள். அந்த அம்மா ஒன்றும் கோபப்படவில்லை. நீலமாகக் கன்றிப்போன புறங்கையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையில வேணாம், அந்தக் கையில எடுக்கச் சொல்லு கண்ணு" என்றாள். அது அவளைக் கொன்றது. திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்குத் திரும்ப எடுத்த குப்பியை வைத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தவள், வரிசையைப் பார்த்தாள், வெப்பமானியைப் பார்த்தாள், "போங்கடா" என்று இடுக்கில் நுழைந்தாள். எந்த பஸ்ஸும் அவளுக்காக ஒதுங்கவில்லை. ஒரு காரின் கண்ணாடி முட்டியில் இடித்தது. இருபத்தாறு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தாள். அந்த ரத்தம் கெடவில்லை.

இப்படி இருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? இடுக்கில் போனால் ஒரு கால் முறிகிறது. போகாவிட்டால் ஒரு கையில் இரண்டாம் தடவை ஊசி ஏறுகிறது. எந்த அதிகாரி வந்து இதை எழுதித் தீர்க்கப் போகிறார்?

விசாரணைக்கு முந்தின நாள் மதியம், இரண்டு நடைகளுக்கு நடுவே, பூட்டுக்காரர் வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வண்டி தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மாடி ஏறியதும் ஒரே அறை. சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஆணி சாவி. அவர் கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலி மேல் நீட்டிக்கொண்டு, மடியில் பலகை வைத்து ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"வாம்மா. எந்த வீட்டுப் பூட்டு?"

"பூட்டு இல்லண்ணே. நான்... பதிமூணாம் நம்பர் டிரைவரோட சம்சாரம்."

அரம் நின்றது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். மஞ்சள் ஹெல்மெட், பின்பக்கம் ஒரு கீறல்.

"நீயா அது!" என்றார். குரலில் சண்டை இல்லை. "உக்காரு. அந்தச் சாவிப் பொட்டியைத் தள்ளிட்டு உக்காரு. உன்னை எனக்குத் தெரியுமே. தினம் உன் பின்னாடிதான் வருவேன்."

சாவிப் பெட்டியைத் தள்ளப் போனவள் நிமிர்ந்தாள். "பின்னாடின்னா?"

"எட்டரைக்குப் பாலத்துல நானும்தான் வர்றேன். நீ ரெண்டு ஹாரன் அடிப்ப. பஸ் லைட்டு மினுங்கும். ஒதுங்கி வழி விடும். பாத்துப் பாத்து அதிசயப்பட்டுப் போயிருக்கேன். என் சர்வீஸ்ல பைக்குக்காரனுக்கு வழி விட்ட பஸ் டிரைவரை நான் பாத்ததே இல்லை. வீட்டுல வந்து சொல்லுவேன், ஒரு மனுஷன் இருக்கான்யா, பைக் வந்தா மதிச்சு ஒதுங்குறான்னு."

அவள் ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னைக்குக் கொஞ்சம் அவசரம். ஒரு வீட்டுல பெரியவர் ஒருத்தர் குளியலறைக்குள்ள மாட்டிக்கிட்டாரு. தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. வலப்பக்கம் நீ நுழைஞ்சிட்ட. நான் இடப்பக்கம் வந்தேன். நானும் ரெண்டு ஹாரன் அடிச்சேன். நல்ல டிரைவர், எனக்கும் விடுவாருன்னு நம்பித்தான் பிரேக்கைத் தொடல." சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அது எல்லாருக்கும் விடுற வழின்னு நெனச்சுட்டேன்மா. உனக்கு மட்டும் விடுறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணே..."

"அந்தப் பெரியவரை அப்புறம் கதவை உடைச்சு எடுத்துட்டாங்களாம். அதுவும் நல்ல கதவு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கால் சேந்துடும்னு டாக்டர் சொல்றாரு. பைக் லைசென்ஸ்தான் போயிடும்போல. சட்டத்தை மீறி இடுக்குல வந்தது நான்தான? பூட்டுக்காரன் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள யாரு உள்ள காத்துக்கிட்டு இருப்பா? சரி விடு. நாளைக்கு வந்து தப்பு என்னுதுதான்னு சொல்லிடப் போறேன். இழுத்தடிச்சா எனக்கு மண்டை காயுது."

அவள் எழுந்து வந்துவிட்டாள். படியில் இறங்கும்போதுதான் அவர் காலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது. திரும்பி ஏறிப் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அவன் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தான். "மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே, ஓட்டுநருக்கு இருப்பது இரண்டு கண்கள்..."

"போதும்" என்றாள். "பூட்டுக்காரரைப் பாத்துட்டு வர்றேன்."

அவன் நிமிர்ந்தான். அக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"எதுக்குப் போன?"

"அவர் தப்பு அவருதுன்னு ஒத்துக்கப் போறாராம். நீங்க பள்ளம்னு சொல்லப் போறீங்க. பள்ளம் எங்கங்க இருக்கு? எனக்கு ஒரு தடவை காட்டுங்க."

"அதெல்லாம் உனக்கெதுக்கு? நான் பாத்துக்குறேன்."

"என்னாலதான் ஒதுங்குனீங்க. நான் எந்திரிச்சுச் சொல்லப் போறேன்."

"சொன்னா பஸ் போயிடும்டி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" காகிதத்தைக் கசக்கினான், பிறகு தொடையில் வைத்து நீவிவிட்டான். "எனக்கு வேற என்ன வேலை தெரியும்? காலையில எழுந்தா காலு தானா கிளட்சைத் தேடுது. மூணு வாரமா ஹோஸ் பைப்பைப் பிடிச்சு நிக்கிறேன். சின்னப் பசங்க ஓட்டிட்டு வந்து 'அண்ணே, கண்ணாடியை நல்லாத் தொடைங்க'ன்னு சொல்லிட்டுப் போறானுங்க. கேட்டுக்கிட்டுத் தொடைக்கிறேன்."

அக்கா எழுந்து வந்தாள். இவள் பக்கம் வருவாளா, தம்பி பக்கம் போவாளா என்று தெரியவில்லை. நடுவில் நின்றாள். "ரெண்டு பேரும் சாப்பிடுங்க முதல்ல" என்றாள். "எதுவா இருந்தாலும் வெறும் வயித்துல வேணாம்."

பெட்டி காலி என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தாள். அவன் அதற்குள், "அன்னைக்கு உன் பெட்டியில என்ன அவசரமோ, யாரோட உயிரோ. அதுக்காவது விட்டோம்னு இருக்கு" என்றான். வாயை மூடிக்கொண்டாள்.

அலுவலக அறையில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள். ஜலதோஷம் பிடித்து, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே கேள்வி கேட்டார். ஒரு கார்க்காரர், இந்த வருஷத்தில் தன் பக்கக் கண்ணாடியை மூன்று தடவை உடைத்துவிட்டார்கள் என்று கத்தினார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருவர், வரிசையில் நின்றபோது பின்னால் வந்த வேன் இடித்துத் தன் கூட்டாளி இடுப்பு உடைந்து கிடப்பதாகச் சொன்னார். "ஆமா", "இல்ல" என்று இரண்டு பக்கமும் கூச்சல். "நடக்குறவங்களையும் கேளுங்க மேடம்!" என்று பின் வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

அப்புறம் பாலத்து விஷயம். பூட்டுக்காரர் ஊன்றுகோலோடு எழுந்து, சொன்னபடியே சொன்னார். "இடுக்குல வந்தது தப்புதான் மேடம்." மைக் முகத்தில் வெளிச்சம் வந்தது. அடுத்து இவனைக் கூப்பிட்டார்கள். எழுந்து காகிதத்தைப் பிரித்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் எழுந்துவிட்டாள்.

"மேடம், பஸ் எனக்காகத்தான் ஒதுங்குச்சு. நான் அவர் சம்சாரம். வலப்பக்கம் நான் வந்தேன். தினமும் ஒதுங்குவாரு. நாலு வருஷமா."

மைக் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி கைக்குட்டையை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார்.

"உண்மையா?"

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "உண்மைதான் மேடம்."

"இடப்பக்கக் கண்ணாடியைப் பாக்காமலே ஒதுக்கிட்டீங்க. அப்படித்தான?"

அவன் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"பாத்தேன் மேடம்" என்றான். "ரெண்டு கண்ணாடியும் பாத்தேன். இவ இந்தப் பக்கம், அவரு அந்தப் பக்கம். ரெண்டு பேரும் ஹாரன் அடிச்சாங்க. ஒருத்தருக்குத்தான் இடம் இருந்துச்சு. இவ பெட்டியில ரத்தம் இருக்கும், அவரு பிரேக் போட்டுக்குவாருன்னு நெனச்சேன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். பார்க்காமல் செய்துவிட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "மருத்துவ அவசரத்துக்கு வழி விடலாம்னு விதியிலேயே இருக்கு. அப்படி இருந்தா இதை வேற மாதிரி எழுத வேண்டியிருக்கும்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு உங்க பெட்டியில என்ன இருந்துச்சு?"

மைக் உயிர் வந்தவர் போல நிமிர்ந்து, சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினார். அவன் அவளைத் தைரியமாகப் பார்த்தான். அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. ரத்தம் என்று ஒரு வார்த்தை. பஸ் திரும்பி வந்துவிடும். யார் போய் லேபில் கேட்கப் போகிறார்கள்? அவளுக்குப் புறங்கை கன்றிய அந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். அவளைச் சாக்காக்கிப் பொய் சொல்ல நாக்கு புரளவில்லை.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள். "காலிப் பெட்டி."

அவன் முகம் விழுந்ததை அவள் பார்த்தாள். பின் வரிசையில் அக்கா "ஐயோ" என்றது கேட்டது.

"இது உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி அவனைக் கேட்டார்.

"தெரியாது மேடம்."

"தெரிஞ்சிருந்தா?"

மைக் பலமாக இருமினார். விட்டிருக்க மாட்டேன் என்று சொல் என்பதற்கு அதைவிடப் பச்சையாக யாரும் இரும முடியாது. அவன் அவரைப் பார்க்கவில்லை. அதிகாரியையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். கோபமாகத்தான் பார்த்தான். பிறகு அந்தக் கோபமும் போய்விட்டது.

"விட்டிருப்பேன் மேடம்" என்றான். "அவ வந்தா விடுவேன்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பூட்டுக்காரர் நொண்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். பஸ் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எதிரில் அந்த மனுஷர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நாலு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று தெரியாமல், பூட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் அழ ஆரம்பித்தாள்.